பின்னிருக்கையில் விருது

தீவுக்குள் போகும்போதுதான் டோல்.
திரும்பி வர ஒரு சென்னும் கேட்பதில்லை
பினாங்குப் பாலம்.
அன்றிரவு என் மைவியில் பிறைக்குத் திரும்பியவர்கள்
நான், ஹேமலோஷினி,
பின்னிருக்கையில் சீட்பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த
ஒரு கண்ணாடிச் சுடர்.

சிறந்த முதலாண்டு ஆசிரியர் என்று
அதன் காலடியில் பொன்னெழுத்து.
கீழே அவள் பெயர்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
நாள்தோறும் சிவப்புப் பேனா பிடிக்கிறவர்கள் நாங்கள்.
இருவரும் பார்த்தோம்.
இருவரும் சொல்லவில்லை.

ஒரே திங்கட்கிழமை பணிக்கு வந்தோம்,
ஒரே மழையில் நனைந்து,
பதிவேட்டில் அடுத்தடுத்த கையெழுத்தாக.
அவளுக்கு ஒன்றாம் ஆண்டு, எனக்கு மூன்றாம் ஆண்டு.
அவள் வகுப்பில் நாற்காலிகள் நகர்ந்துகொண்டே இருக்கும்,
அலமாரிக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.
என் வகுப்பில் சத்தமே இராது.
வருகைக்கு வந்த அதிகாரி
என் வகுப்பைத்தான் பாராட்டிப் போனார்.

பரிந்துரைப் படிவத்தை நிரப்பியதும் நான்தான்.
"கோமளா, ஒனக்குத்தான் எழுத வரும்,
நீயே எழுதிடேன்" என்றார் தலைமையாசிரியை.
இருநூறு சொற்கள்.
புத்தாக்கம் என்ற கட்டத்தில்
முட்டை அட்டையில் அவள் செய்த எழுத்துப்பெட்டி:
ரகரத்துக்கு நீலக்குழி, றகரத்துக்கு மஞ்சள்.
அர்ப்பணிப்பு என்ற கட்டத்தில்
சம்பளமில்லாத சனிக்கிழமைகள்.
பொறாமை ஒரு நல்ல எழுத்தர்.
ஒன்றையும் மறக்காமல் எழுதியது,
ஒன்றைத் தவிர.

மார்ச் மாதம்,
விளையாட்டுச் சாமான் அறையில்
காற்றுப்போன பந்துகளுக்கு நடுவே
அவள் உட்கார்ந்திருந்தாள்.
ருத்ரேஷ் அவள் மணிக்கட்டைக் கடித்த நாள்.
கடி வலித்து அழவில்லை அவள்.
அவன் கடிப்பதற்கு முன்
அவனை அறைய
அந்தக் கை ஓங்கியிருந்தது.
"யாருகிட்டயும் சொல்லாத."
சொல்லவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

மண்டபத்தில் குளிர், சிரப் பண்டுங்,
திரையில் அவள் முகம் சுவரளவு.
ஒரு நிமிடம் பேசச் சொன்னார்கள்.
அம்மாவுக்கு நன்றி, பள்ளிக்கு நன்றி,
சக ஆசிரியர்களுக்கு நன்றி.
அந்த இரண்டெழுத்துச் 'சக'வுக்குள்
கால் மடக்கி உட்கார்ந்துகொண்டு
கை சிவக்கத் தட்டினேன்.

நடுப்பாலத்தில்
கப்பல் விளக்குகளைப் பார்த்தபடி சொன்னாள்:
"அதே கையத்தான் மேடையில நீட்டினேன், கோமளா."

நல்ல தோழி ஏதாவது சொல்லியிருப்பாள்.
நான் தடம் மாறினேன்.
லாரி ஒன்று ஈரம் தெளித்துக் கடந்தது.
"பசிக்குது, நாசி கண்டார் சாப்பிடலாமா?" என்றேன்.
என் வகுப்பு ஏன் அமைதியாக இருக்கிறதென்று
இதுவரை யாரும் கேட்டதில்லை.
ஓங்கிய கைக்காக
நான் எந்த அறைக்குள்ளும் போய் அழுததில்லை.

திங்கட்கிழமை
சுடரை வகுப்புக்கு எடுத்துப்போயிருந்தாள்.
தொட்டுப் பார்க்க இருபத்தாறு பேர் வரிசையில்.
இடைவேளை மணி அடித்தும் கலையவில்லை.
"டீச்சர், இதுல மீன் வளக்கலாமா?"
"டீச்சர், இது ஐஸா?"
ருத்ரேஷ் முறை வந்தது.
விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தான்,
ஹே, ம, லோ,
நிறுத்தினான்.
"டீச்சர், என் பேர்ல வர்ற 'ஷ' எங்க?
தப்பா 'ச' போட்டிருக்காங்க."

வாசலில் நின்று கேட்டேன்.
அவள் சிரித்த சிரிப்பில் பூனை வெளியே ஓடியது.

என் வகுப்புக்குத் திரும்பி
வெண்பலகையில்
'மரம்' என்பதை 'மறம்' என்று எழுதி,
கீழே ஒரு கிளை வரைந்து,
எழுதுகோலை மூடிவிட்டுக் காத்திருந்தேன்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
முப்பத்திரண்டு முகங்களும்
பிழையைப் பார்த்தன, என்னைப் பார்த்தன.

வெகுநேரம் கழித்து
கடைசி வரிசையில் ஒரு கை
பாதி உயர்ந்து
இறங்கியது.